கூட்டக் குறிப்பு

பதினோரு வருடமாக
வில்லோ ஃபோர்க் பள்ளி மாவட்டத்தின்
கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவள் நான்.
லோர்னா வெசெலி.
என் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் வரும்,
கையெழுத்தாக.

விதி எளிது:
முடிவை எழுது, பேச்சை எழுதாதே.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது.
எவர் குரல் கம்மியது என்று எழுதப்
படிவத்தில் கட்டம் கிடையாது.

பிப்ரவரி, செவ்வாய்.
நெப்ராஸ்காவின் பனி
ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.
நூலகக் கூரை ஒழுகி
அகராதி அலமாரியின் கீழே ஒரு வாளி.
திரையில் ‘தொலைநோக்கு 2040’.

கண்காணிப்பாளர் ட்ரூவாக்ஸ் நல்ல மனிதர்.
இரண்டு வருடம் தூங்காமல் எழுதினார்.
அறுபத்தெட்டுப் பக்கத்தில்
‘சமவாய்ப்பு’ நாற்பத்தோரு முறை.
தட்டச்சு செய்தவள் எண்ணாமலா இருப்பாள்?
‘எதிர்காலத்துக்குத் தயார்’ பக்கத்தில்
கண்ணாடிக் குடுவையைப் பார்த்து
ஒரு சிறுமி சிரிக்கிறாள்.
எங்கள் ஆய்வகத்தில் அந்தக் குடுவை இல்லை.
எங்கள் ஊரில் அந்தச் சிறுமியும் இல்லை,
விலைக்கு வாங்கிய படம்.
சொட்டு. வாளி. அடுத்த ஸ்லைடு.

டெல்பர்ட் க்ராஸ்,
எதற்கும் ‘வேண்டாம்’ என்றே கை தூக்கும் சோள விவசாயி,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
"நாற்பதில் படித்து முடிக்கப்போகிற பிள்ளைகள்
இப்போது எங்கே இருக்கிறார்கள்?"
காகிதங்கள் புரண்டன.
கடைசி வரிசையில்,
இறைச்சி ஆலையின் இரவு ஷிப்டுக்குச் சீருடை மாட்டிவந்த
மார்செலினா ட்சோக்.
மடியில் குழந்தை,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பக்கத்தை
அது சப்பிக்கொண்டிருந்தது.
‘நோக்கங்கள்’ பாதி கரைந்துவிட்டது.

பொதுமக்கள் கருத்து. ஆளுக்கு இரண்டு நிமிடம்.
இக்ரான் வார்சாமே, பத்தாம் வகுப்பு,
மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.
ஏழாம் தடத்துப் பஸ், என்றாள்.
ஆலைக் குடியிருப்பில் ஐந்து ஐம்பதுக்கு ஏறுகிறோம்.
ஏரிக்கரைப் பிள்ளைகள் ஏழு நாற்பதுக்கு.
மணி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் அடிக்கிறது.
வீட்டில் இணையம் இல்லை.
சலவைக்கடைச் சுவரில் சாய்ந்தால்
வைஃபை இரண்டு கோடு காட்டும்.
கணக்குப் பாடம் அங்கேதான், எனக்கும் தம்பிக்கும்.
உள்ளே யாராவது துணி உலர்த்தினால்
முதுகு சூடாகும்,
குளிர்காலத்தில் அதுவும் நல்லதுதான்.
சிலர் சிரித்தார்கள்.
அவள் காத்திருந்தாள், அவர்கள் முடிக்கும்வரை,
தன் இரண்டு நிமிடத்திலிருந்து.
"திட்டத்தை முழுசாகப் படித்தேன்.
பஸ்ஸில்தான். நேரம் இருந்தது.
நன்றாக இருக்கிறது.
ஆனால் அது எங்களிடம் வந்து சேரும்போது நான்"

டைமர் ஒலித்தது.

திட்டம் நிறைவேறியது, ஆறுக்கு ஒன்று.
ஏழாம் தடம்: துணைக்குழு ஆராயும்.
கைதட்டலில் குழந்தை வீறிட்டது.
மார்செலினா எழுந்து போனாள்.
ஆலையில் தாமதமாக வந்தால்
கால் மணிச் சம்பளம் போகும்.

வீட்டில் உட்கார்ந்து அடித்தேன்:
‘மாணவி ஒருவர் போக்குவரத்து குறித்துக் கருத்துத் தெரிவித்தார்.’
பார்த்தேன். அழித்தேன்.
அவள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தேன்,
‘நான்’ வரைக்கும்.
கம்ப்யூட்டர் அதன் கீழே நீலத்தில் நெளிகோடு போட்டது,
வாக்கியம் முடியவில்லை என்று.
தெரியும், என்றேன் அதனிடம்.

மார்ச் கூட்டத்தில் வாளியை மாற்றியிருந்தார்கள்.
இது பெரியது.
"சென்ற கூட்டக் குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா?"
டெல்பர்ட் வாயைத் திறந்தார்,
என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.
ஏழுக்கு ஏழு. என் காலத்தில் முதல்முறை.
முற்றுப்புள்ளி இல்லாத அந்த வரிக்கு
மாவட்ட முத்திரை விழுந்தது.

ஏழாம் தடம் இன்னும் ஐந்து ஐம்பதுக்குத்தான்.
நான் காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது
உள்விளக்கு எரிய
எங்கள் முனையில் திரும்பும்.
ஜன்னலோரத்தில் யாரோ தலை கவிழ்ந்து.
தூக்கமா, படிப்பா,
இங்கிருந்து தெரிவதில்லை.