மேல்வீட்டுப் பூ

மல்லிதான் கேட்டேன்.
அழகர்கோவில் ரோட்டு நர்சரிக்காரன்
"இதுவும் மல்லிதாம்மா, ரங்கூன் மல்லி" என்று
கறுப்புப் பையில் ஒரு குச்சியைத் தந்தான்.
மதுரைக்காரியிடமே
எதையும் மல்லி என்று விற்றுவிடலாம் என்ற
அவன் தைரியம் பிடித்திருந்தது.
நாற்பது ரூபாய்.
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வில்லாபுரம். கீழ்வீடு.
பின்பக்கம் குழாயடியில்
மூன்று முழத்துக்கு மண், மீதியெல்லாம் சிமெண்டு.
போர் தண்ணீர் உப்பு,
ஊற்றினால் இலை நுனி கருகும்.
மூன்று நாளைக்கொருமுறை வரும் கார்ப்பரேஷன் தண்ணீரில்
எனக்கு நான்கு குடம், அதற்கு ஒன்று.
கடலைப்புண்ணாக்கு ஊறிய வாளியைத் திறந்தால்
பக்கத்து வீட்டு ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும்.

அவர் சட்டை மாட்டிய ஆணியைப் பிடுங்கி
வெளிச்சுவரில் அடித்து
முதல் கம்பியைக் கட்டினேன்.
கம்பிக்குப் பஞ்சமில்லை.
மோட்டார் பட்டறையில் காயில் சுற்றுகிறவள் நான்.
எரிந்துபோன மோட்டார்களின் வயிற்றிலிருந்து உருவியதில்
எடைக்குத் தேறாத துண்டுகளை
முதலாளி கண்டுகொள்வதில்லை.

எண்ணிக்கைதான் என் பிழைப்பு.
சுற்று குறைந்தால் சூடாகும்,
கூடினால் இழுக்காது.
இந்தக் கொடிக்குக் கணக்கே கிடையாது.
சுற்றவும் தெரியாது அதற்கு.
பழுத்த இலை உதிரும்.
காம்பு மட்டும் உதிராமல் நின்று
காய்ந்து, கூராகி, கொக்கியாகும்.
அதை மாட்டித்தான் அடுத்த அடி ஏறும்.
ஒருநாள் அது என் கட்டைவிரலில் ஏற,
ரத்தத்தைச் சப்பிக்கொண்டே தெரிந்துகொண்டேன்.

"நுனியைக் கிள்ளுக்கா, பக்கத்துல வெடிக்கும்"
என்றாள் கூட வேலை பார்க்கும் நூருன்னிசா.
கிள்ளினேன்.
நான்காக வெடித்து
நான்கும் மேலே போயின.
வெயில் அங்கேதான் இருந்தது.

இரண்டு வருஷம்.
என் ஜன்னலுக்கு மணிக்கட்டுக் கனத்தில் தண்டு,
மேல்வீட்டுக் கைப்பிடிக் கம்பியில் தலை.
தாலுகா ஆபீசில் ரிட்டயரான ருக்மாங்கதன் சார்
எட்டிப் பார்த்துச் சொல்வார்:
"எறும்பும்மா. கொடியில துணி போட முடியல.
நாளைக்கு வெட்டிருவேன்."
எந்தக் கொடி என்று கேட்கத் தோன்றும்.
கேட்டதில்லை.
ஒன்பது மாதமாக நாளை வரவுமில்லை.

எனக்குக் கிடைத்தது பெருக்கும்போது வரும் பூ.
எல்லாம் சிவப்பு.
சிவப்புப் பூச்செடி என்றே நினைத்திருந்தேன்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு சாயங்காலம்
வீட்டு மோட்டார் உறுமிவிட்டு நின்றது.
"நீ அந்த வேலைதானம்மா பாக்குற?"
கெபாசிட்டர்தான். கால்மணி நேரம்.
தொட்டியில் விழுகிறதா என்று பார்க்க
முதன்முதலாக அந்தப் படியேறினேன்.
இருட்டிவிட்டிருந்தது.

வெள்ளை.
இப்போதுதான் விரிந்த வெள்ளை.
நேற்றையது ரோஸ். முந்தாநாளையது சிவப்பு.
ஒரே கொத்தில் மூன்று நாளும் தொங்கின.
பழுத்த கொய்யாவைப்
பவுடர் டப்பாவில் போட்டு மூடியது மாதிரி ஒரு வாசனை.
மல்லி இல்லை.
நர்சரிக்காரன் முழுப் பொய்யும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
கம்பி நெடுக
பழைய வேட்டியின் கரையைக் கிழித்த நாடாக்கள்.
தண்டு பருத்தாலும் இறுக்காதபடி
எட்டுப்போட்ட முடிச்சுகள்,
முப்பது வருஷம் கோப்பு கட்டிய கையின் முடிச்சுகள்.
துணிக்கொடி
இரண்டடி தள்ளிக் கட்டப்பட்டிருந்தது.

அவர் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
"விழுது" என்றார்.
"விழுது சார்" என்றேன்.

தண்ணீர் வந்த காலை, மேலிருந்து குரல்:
"எம்மா, எறும்பு!"
"வெட்டிருங்க சார்" என்று சொல்லிவிட்டு
என் நாலாவது குடத்தையும்
வேரில் சாய்த்தேன்.