கயிறு

ஒட்டாவாவில், மார்ச் மாதக் கடைசியில்,
ஜன்னலில்லாத அறையொன்றில்
எனக்குக் கொடுத்த வேலை சின்னது:
வாய் திறக்கும்போது வரி வரவேண்டும்,
வாய் மூடும்போது வரி போய்விட வேண்டும்.
வரிகளை முன்பே எழுதிவைத்திருந்தார்கள்.

திரையில் ஜோவாமி.
பாஃபின் தீவின் கரையோரம்
பனிப்பாளத்தில் வெட்டிய துளையருகே
மண்டியிட்டிருக்கிறான்.
அவனுடைய ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி
யாரிடமோ இரவல் வாங்கிய கலைமான் தோல் அங்கியை
மாட்டிவிட்டிருக்கிறார்கள்.
அளவு சேரவில்லை; மணிக்கட்டு வெளியே தெரிகிறது.
பனிவண்டியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.
ஆனாலும் அதன் தடம்
மூலையில் எட்டிப் பார்க்கிறது.

ஒரே மீன். மூன்று முறை பிடிபடுகிறது.
மூன்றாம் முறை விறைத்துப்போய்
விறகுக்கட்டை மாதிரி மேலே வருகிறது.
மூன்று முறையும் அவன் வியக்க வேண்டும்.
வியக்கிறான், பாவம்.

பிறகு பேசுகிறான்,
எங்கள் மொழியில், என் அத்தை ஊர்ப்பக்கத்து இழுவையோடு:
“பெட்ரோல் என்ன விலை தெரியுமா உனக்கு?
போன வாரமே தருவதாகச் சொன்ன பணம் எங்கே?
அடேய், காலை எடு. என் கயிற்றின்மேல் நிற்கிறாய்.”

கீழே வரி:
“பனி எங்கள் தாய்.
அவள் கொடுப்பாள்.
நாங்கள் காத்திருக்கிறோம்.”

கெல்டனிடம் சொன்னேன்.
நல்ல மனிதர்தான்; அவர் கையாலேயே தேநீர் போட்டுத் தந்தார்.
“வாயால் சொல்லாவிட்டாலும்
மனதில் அதுதானே இருந்திருக்கும்?” என்றார்.
ஒப்புதல் படிவத்தை எடுத்துக் காட்டினார்.
ஆங்கிலத்தில் நாலு பக்கம்.
அடியில் ஜோவாமியின் கையெழுத்து,
கையுறையைக் கழற்றாமலே போட்டது போல.

கடைசிக் கோப்பு ஓர் இரவு என்னிடம் இருந்தது.
பெட்ரோலையும் பணத்தையும் தொடத் துணியவில்லை.
ஒன்றாம் தேதி வாடகை.
ஒரு வரியை மட்டும் மாற்றினேன்.
“நாங்கள் காத்திருக்கிறோம்” இருந்த இடத்தில்
“என் கயிற்றின்மேல் நிற்கிறாய்.”

ஒளிபரப்பானது.
ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.
ஒரு விமர்சகர் எழுதினார்,
ஓர் இனத்தின் மொத்தத் துயரையும்
ஒரே வரியில் முடிச்சிட்ட கவிதை என்று.
விருது மேடையில் அந்த வரியைச் சொன்னபோது
கெல்டனுக்குத் தொண்டை கம்மியது.
நான் ஏழாவது வரிசையில் இருந்தேன். கைதட்டினேன்.

ஜோவாமியைத் தொலைபேசியில் பிடிக்க
இரண்டு நாள் ஆனது.
கூட்டுறவுக் கடை டிவியில் எல்லோரும் பார்த்தார்களாம்.
விறைத்த மீன் வந்ததும்
கல்லாப்பெட்டிக்காரி சிரித்த சிரிப்பில்
சில்லறை சிதறிவிட்டதாம்.

“அந்தக் கயிறு உன் வேலையா?” என்றான்.
“ஆமாம்.”
“பணத்தை ஏன் விட்டுவிட்டாய்?”

கேட்டுவிட்டு,
காத்திருந்தான்.