வெள்ளைக் கத்தரிக்காய்

ஆகஸ்டில் பணகுடிக் காற்றை நிறுத்த ஆளில்லை.
காத்தாடி சுற்றுகிற மாசத்தில் லீவு கிடையாது என்றதும்
ஜப்பான்காரர் ஊருக்குப் போகவில்லை.
ஹயாஷி என்று பேர். சைட்டில் எல்லாருக்கும் அய்யாசாமி.
எங்கள் மாடியறையில் வாடகை; சோறு என் கை.

பதிமூணாம் தேதி காலையில் வந்து
ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் கேட்டார்.
கூட்டு வைக்கவா என்றேன்.
இல்லையாம். செத்துப்போன அம்மா வருகிறாளாம்.
ஈர்க்கு ஒடித்து நாலு நாலு கால் குத்தினார்.
வெள்ளரி, குதிரை: வெரசாக வந்து சேர.
கத்தரி, பசு: மெள்ளத் திரும்பிப் போக.
அவர் ஊரில் கத்தரி கருநீலமாம்.
என்னிடம் இருந்தது வெள்ளை.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
அம்மா ஏறுவாளோ மாட்டாளோ என்று.

சாயங்காலம் வாசலில் தீ வைக்கணும், வழி தெரிய.
பருத்திமார் கொடுத்தேன்.
ஆறு தீக்குச்சி அணைந்தது. ஏழாவதுக்கு
நான் முந்தானையை விரித்துக் காற்றுக்குக் குறுக்கே நின்றேன்,
யார் அம்மாவுக்கோ.
எதிர்வீட்டுச் செபஸ்தியம்மா கேட்டாள்:
என்னளா, கொசுவுக்கா?
ஆமா என்றேன்.

உங்க அம்மை எப்படி இருப்பா என்று கேட்டேன்.
போனில் வார்த்தை தேடிச் சொன்னார்:
கோபம் வரும். முள்ளங்கி ஊறுகாய் நன்றாகப் போடுவாள்.

என் வீட்டுக்காரரை மஸ்கட்டிலேயே அடக்கினார்கள்.
போட்டோ வந்தது. சிமெண்டுப் பலகை, எண் 214.
கல்லறைத் திருநாளுக்கு
அவரவர் மேட்டில் அவரவர் மெழுகுதிரி.
நான் நடுச் சிலுவையடியில் ஏற்றிவிட்டு
எல்லாருக்கும் முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவேன்.
பதினோரு வருஷம்.

பதினைந்தாம் தேதி, மாதா விண்ணேற்புப் பூசை முடிந்து
கடைத்தெருவில் பிஞ்சாக ஒரு வெள்ளரி வாங்கினேன்.
ராத்திரி அவர் குதிரைக்குப் பக்கத்தில்
என்னுடையதை நிறுத்தினேன். ஒரு கால் குட்டை.
கடல் தாண்டி வரணும்.
வரும். தண்ணீர்க் காய்தானே.

விடிந்ததும் அய்யாசாமி பார்த்தார்.
ரெண்டு குதிரை. ஒரு பசு.
இன்றைக்கு எல்லாரும் திரும்பிப் போகிற நாளாம்.
"பசு?" என்றார்.
அந்தச் சொல் மட்டும் நல்ல தமிழில் வந்தது.
கத்தரிக்காய் வரத்து இல்லை என்றேன்.

அடுப்படியில் கூடை திறந்துதான் கிடந்தது,
அரைக்கிலோ, வெள்ளை வெளேரென்று.
குனிந்து பார்த்தார்.
பக்கத்தில் இருந்த சுளகை எடுத்து
அதன்மேல் கவிழ்த்துவிட்டு
சைட் வண்டிக்குப் போனார்.