நாலாயிரம் ஹேர்ட்ஸ்

முதலாம் வருசம் முழுக்கக் காதைக் கீறினோம்.
என் நத்தைச்சுருள் ஒவ்வொரு முறையும்
பேக்கரி பணிஸ் மாதிரியே வந்தது.
றிஸ்வானா சிரித்துச் சிரித்து
தன் கொப்பியிலும் அதையே கீறிவைத்தாள்.

இரண்டாம் வருசம் நாக்கு.
எங்கே தொடுகிறது, காற்று எந்தப் பக்கத்தால் போகிறது.
கே.கே.எஸ். வீதி நெடுக, பஸ்ஸில்,
ற, ழ, ள என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்ததில்
பக்கத்து மனிசி எழும்பி வேறு சீட்டுக்குப் போனா.

இப்போது பெரியாஸ்பத்திரி.
சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு பெட்டி அறை.
கதவைச் சாத்தினால்
ஓட்டோ இல்லை, காகம் இல்லை, யாழ்ப்பாணமே இல்லை.
எச்சில் விழுங்குவது எனக்கே கேட்கும்.

செபமாலை. ஐம்பத்தாறு. குருநகர்.
தொழில், படகு எஞ்சின் திருத்துதல்.
"காதெல்லாம் வடிவாக் கேக்கும் பிள்ளை,
என்ர சொல்லுத்தான் கேக்காது."
இது திரேசம்மா,
நான் கேட்க முன்னமே தந்த வாக்குமூலம்.

சிவப்பு வலது, நீலம் இடது. மாட்டிவிட்டேன்.
பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன்:
"சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கோ."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
ஆயிரத்தில் தொடங்கினேன்.

இரண்டு கையும் உயர்ந்தன.
காதுக்கு மேலே,
விரல்கள் விரிந்து, உள்ளங்கை என்னைப் பார்த்து.

பொத்தானை விட்டேன். சத்தம் நின்றது.
கைகள் இறங்கவில்லை.

கையேட்டில் பிழையான பதில்களுக்கு
இரண்டு பக்கம் இருக்கிறது.
இதற்கு ஒரு வரியும் இல்லை.
எந்த வருசம், எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

அலுமாரியில் சின்னப் பிள்ளைகளுக்கு வைத்த
மரக்கட்டைகள், ஒரு மஞ்சள் வாளி.
கொண்டுபோய் மடியில் வைத்தேன்.
"கை வேண்டாம் ஐயா.
கேட்டால் ஒரு கட்டையை இதுக்குள்ள போடுங்கோ."
"விளையாட்டோ?"
"ஓம், விளையாட்டுத்தான்."

ஐந்நூறு. டொக்.
ஆயிரம். டொக்.
இரண்டாயிரம், கொஞ்சம் யோசித்து, டொக்.
நாலாயிரத்தில் கூட்டினேன், கூட்டினேன்,
அறுபது, அறுபத்தைந்து.
பச்சைக் கட்டை விரலிடுக்கில்.
தூண்டில் போட்டவர் மாதிரித் தலையைச் சரித்து
இருந்தார்.

கோடு அங்கே சறுக்கி விழுந்தது.
எஞ்சினா, வேறெதுவுமா,
கோடு சொல்லாது.

வெளியில் திரேசம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்:
நீங்கள் சொல்லுற சொல்லில்
உயிரெழுத்து போய்ச் சேருது அம்மா,
மெய்யெழுத்துத்தான் வழியில விழுந்துபோகுது.
அவ கனநேரம் பேசவில்லை.
பிறகு,
"அப்ப நான் ஏசினதிலயும் அரைவாசிதான் போயிருக்கும்" என்றா.

படிவத்தில் 'வேறு குறிப்புகள்',
ஒரு வரிக்குத்தான் இடம்.
கை தூக்கச் சொல்லவேண்டாம்
என்று எழுதினேன்.
மேடம் வாசித்தா, அடிக்கோடிட்டா,
அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னா.

அடுத்தது நாலு வயதுப் பெட்டை.
வாளியைக் கவிழ்த்துக் கட்டைகளை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.