வெட்டாத பிரதி

டிவிடி உறையில் இருக்கிற நங்கூரம் நான் வரைந்தது.
கொஞ்சம் தூண்டில்முள் மாதிரி வந்துவிட்டது.
அதற்குமேல் மஞ்சள் எழுத்தில்: ப்ளூ ஆங்கர்ஸ்,
இருபத்துமூன்று வருடம் கழித்து ஒரே மேடையில்.
விலை நூற்றைம்பது.

தங்கச்சிமடம். கொடியேறி எட்டாம் நாள்.
மீன் ஏலக்கூடத்தை மதியமே கழுவிவிட்டிருந்தார்கள்,
இருந்தும் முன்வரிசைக்காரர்கள்
வேட்டியைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்தார்கள்.
கச்சான் காற்று பேனரைக் கிழித்து
ப்ளூ ஒரு பக்கம் ஆங்கர்ஸ் ஒரு பக்கம் ஆக்கியது.
என் லென்ஸில் உப்பு. துடைக்கத் துடைக்க உப்பு.
படத்தில் விளக்குகளுக்கெல்லாம் மயிர் முளைத்திருப்பது அதனால்தான்.
கேட்டவர்களிடம் எஃபெக்ட் என்றேன்.

கிடார் ரெமிஜியுஸ், இப்போது ஐஸ் பேக்டரியில் மேனேஜர்.
டிரம்ஸ் வழிவிட்டான், உச்சிப்புளியில் தேங்காய் மண்டி.
கீழக்கரை சீனி செய்யது
துபாயிலிருந்து தொண்டையை மட்டும் பழையபடி கொண்டுவந்திருந்தார்,
மற்றதெல்லாம் வேறு ஆள்.
சிலோன் ரேடியோவில் கேட்டு
கேட்டபடி தமிழில் எழுதி
எழுதியபடி தப்பாகவே பாடிய அதே இங்கிலீஷ்.
ஒரு வார்த்தை திருத்தவில்லை.
ஜனமும் அதே தப்போடு கூடப் பாடியது.

ஆம்ப்ளிஃபயரை விற்றுப் படகுக்கு என்ஜின் வாங்கிய கதை
ஊருக்கே தெரியும்.
விற்கச் சொன்னது யார் என்பதில்தான் தகராறு.
அன்றிலிருந்து ரெமிஜியுஸும் வழிவிட்டானும்
ஒரே பஸ்ஸில் ஏறினால்
ஒருவர் இறங்கிவிடுவார்.
மேடையிலும் அப்படித்தான்.
இவர் கடலைப் பார்த்து வாசிக்க
அவர் குச்சியைப் பார்த்து அடித்தார்.
நான் வைடு போட்டால் நடுவில் எட்டடி வெறும் பலகை.

ஐந்தாவது பாட்டில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான்.
கிடார் செத்தது, மைக் செத்தது,
என் கேமரா மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.
படத்தில் நான்கு நிமிடம் கறுப்பு.
கறுப்புக்குள் டிரம்ஸ் நிற்கவில்லை.
வழிவிட்டான் அடித்துக்கொண்டே இருக்கிறார்,
யாருக்கு என்று தெரியாமல்.
பிறகு, காதைக் கொடுத்தால் கேட்கும்,
இன்னொரு சத்தம்.
உள்ளங்கை மரத்தில் விழுகிற சத்தம்.
டிரம்ஸ் விட்ட இடத்தில் எல்லாம் அது சரியாக வந்து விழுகிறது.
பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும்போது
அடியில் படகிலிருந்து கேட்டால் வருமே, அந்தத் தாளம்.
ஒரு குழந்தை அழுகிறது. யாரோ சும்மா இரு என்கிறார்கள்.
கரண்ட் வந்தபோது
இவர் கடலைப் பார்த்தார், அவர் குச்சியைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ரெமிஜியுஸ் கடைக்கு வந்தார்.
“எனக்கு ஒரு காப்பி வேணும். அவன் வர்ற எடத்த எல்லாம் வெட்டிரு.”
இரண்டு நாள் கழித்து வழிவிட்டான்,
கையில் ஒரு பை தேங்காயோடு.
அதே வாக்கியம்.

ராத்திரி உட்கார்ந்து வெட்டிப் பார்த்தேன்.
இவர் முகத்துக்குப் பின்னால் அவர் முழங்கை,
அவர் சிம்பலில் இவர் சட்டையின் சிவப்பு.
முகத்தை வெட்டினாலும் சத்தத்தை எங்கே வெட்ட?
ஒன்றரை மணி நேரத்தில்
மிஞ்சியது பதினோரு நிமிடம்.
அதில் நான்கு அந்தக் கறுப்பு.
அதையும் வெட்டலாமா என்று மவுசில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன்.
வெளியே நாய்கள். மீன் லாரி ஒன்று பனிநீர் சொட்டிக்கொண்டு போனது.

உறையை மட்டும் இரண்டாக அடித்தேன்.
ஒன்றில் கிடார், ஒன்றில் டிரம்ஸ்.
உள்ளே இரண்டிலும் வெட்டாத அதே டிஸ்க்.

இன்றுவரை இரண்டு பேரும்
திருப்பிக் கொண்டுவரவில்லை.
நூற்றைம்பதும் தரவில்லை.