இருபத்தேழாம் நாள்

பாயான் லெப்பாஸ் ஸ்டோருக்கு வந்த
வக்கீல் கடிதம்
மழையில் ஓரம் நனைந்திருந்தது.
"எதையும் அழிக்கக் கூடாது."

நாங்கள் எதையும் அழிப்பதில்லை.
முப்பது நாளானால்
கேமராவே பழையதன் மேல்
புதியதை எழுதிக்கொள்ளும்.
அடுக்கு சரிந்து
இன்றோடு இருபத்தேழு.

"திங்கட்கிழமை பார்க்கலாம், தமயந்தி,"
தே ஓவைக் கலக்கியபடி மிஸ்டர் இங்.
இன்று வெள்ளி.
அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

சும்மா இருப்பதும் ஒரு விரல்தான்,
அழி பொத்தானின் மேல்.

எல்லாரும் போனபின்
ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் அடுக்கு. அவர்களுடைய விளக்குப் பெட்டிகள்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
எடை பார்க்காமலே தாளில் 'சரி' போடுகிறாள் ஒருத்தி.
சிரிக்கிறாள்.
ஒலி கிடையாது.
எதற்குச் சிரித்தேன் என்று
எனக்கே நினைவில்லை.

பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.
பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கை உருவினேன்.
பிஸ்கட் டின். செலோடேப்.
தேதி, நேரம் ஏழு பதினான்கு,
கையெழுத்து. அதே கையெழுத்து.

மூடி சரியாக உட்காரவில்லை.
இரண்டு கையாலும் அழுத்தினேன்.