நேர்மையற்ற எண்ணத்துடன்

தேவகோட்டை நீதிமன்றத்தில்
பதினோரு வருஷமாக இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறேன்.
விரல்கள் தாமே ஓடும்.
வாயால் இதைச் சொன்ன ஒருவரை
இதுவரை கண்டதில்லை.

சீட்டுப் பிடித்து ஓடியவன் ‘ஏப்பம் விட்டுட்டான்’.
தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுகிறவனுக்குக்
‘கை கொஞ்சம் கனம்’.
சொந்த மருமகன் என்றால் குரல் தாழும்:
‘ஆளு அப்படி இப்படித்தான்.’
வட்டிக்கடை வாசலில் மட்டும்
‘நாணயம் பத்தாது.’
காசுக்கும் குணத்துக்கும் ஒரே பேர் வைத்த சீமை,
இரண்டையும் சுண்டிப் பார்த்தே வாங்கும்.

போன மாதம் வந்த வழக்கு:
இருபத்தேழு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீடு.
அதன் நிலைக்கதவு ஒரு ராத்திரியில்
காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது.
எதிரி அடைக்கப்பன், வயது ஐம்பத்தெட்டு,
லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர்.
கூண்டில் நின்று சொன்னார்:
“திருடலைங்க.
என் பங்கு இருபத்தேழுல ஒண்ணு.
கதவுல அது எந்த எடம்னு
யாரும் கோடு போட்டுத் தரலை.
அதான் முழுசா எடுத்துக்கிட்டேன்.”

நீதிபதிகூடச் சிரித்துவிட்டார்.
அவர் சிரிக்கவில்லை.
“பாக்கி இருபத்தாறு பேரும்
சாவியை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டு
வீட்டைக் கரையானுக்கு விட்டாங்களே,
அதுக்கு என்ன பேருங்க?”

அதைப் பதிவு செய்யச் சொல்லவில்லை.
நானும் செய்யவில்லை.

வீட்டில் என் மகன்
கோர்ட்டுத் தாளின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போடுவான்.
கூடுதலாக விழுந்த பிரதிகள்,
வீணாய்ப் போவதைத்தானே கொண்டுவருகிறேன்.
(கூடுதலாக விழும்படி அச்சடிப்பதும் நான்தான்.)
நேற்று ஒரு தாளைத் திருப்பிப் பார்த்துக் கேட்டான்:
“நேர்மையுற்ற எண்ணத்துடன்
கதவை எடுத்தா அது தப்பாம்மா?”

வாங்கிப் பார்த்தேன்.
மூன்றாம் பக்கம், ஏழாம் வரி.
யகரத்தின் காலடியில்
எங்கிருந்தோ வந்து ஒட்டிய ஒரு சுழி.
அதற்குக் கீழே
நீதிபதி கையெழுத்து, இரண்டு வக்கீல்கள் கையெழுத்து,
ஊதா மை முத்திரை எல்லாம்
இந்நேரம் மூலப்பிரதியில் காய்ந்திருக்கும்.
அடுப்பில் தோசை கருகிற்று.

இன்று காலை
பத்து நாற்பதுக்கு வந்து
வருகைப் பதிவேட்டில் பத்து என்று எழுதிவிட்டு,
கட்டை அவிழ்த்தேன்.
இருந்தது.
வெள்ளை மை தடவினால் அது ஒரு குற்றம்,
பிரிவு எண்கூட எனக்குத் தெரியும்.
விட்டுவிட்டால்
எந்தப் பிரிவிலும் வராது.
தலைமை எழுத்தரிடம் மெல்லச் சொன்னேன்.
“யாரும்மா படிக்கப் போறா”
என்று டீயை உறிஞ்சினார்.

கட்டை மறுபடி கட்டினேன்.
என்ன எண்ணத்துடன் கட்டினேன் என்று
யாரும் கேட்கவில்லை.

கொல்லைப்பக்கம் குழாயடியில்
கதவு சாய்ந்து நிற்கிறது,
‘சான்றுப் பொருள் ஒன்று’ என்ற அட்டையோடு.
கஜலட்சுமிக்கு ஒரு கண் உதிர்ந்திருக்கிறது.
இடப்பக்கத்து யானையின் துதிக்கை
தண்ணீர் ஊற்றுவதற்காக நீண்டது,
வாகாக இருக்கிறது.
வழக்கு முடியும்வரை
என் சாப்பாட்டுப் பையை
அதில்தான் மாட்டுகிறேன்.